ஏழாவது வால்வில் வைத்த சந்தனம்

செப்டம்பர் 8, திங்கள்

இந்த டைரி மாரிச்செல்வி கொடுத்தது. என் ஷிப்டில் கம்ப்ரஸர் அறையைப் பார்த்துக்கொள்கிற பெண். புத்தாண்டுக்குக் கம்பெனி எல்லோருக்கும் கொடுத்ததுதான். முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி போட்டதோடு விட்டுவிட்டாள். மேஜையில் வைத்துவிட்டுச் சொன்னாள்: "யாருகிட்டயும் பேச மாட்டேங்கிய. இதுகிட்டயாவது பேசுங்க சார். இது திருப்பிக் கேள்வி கேக்காது."

என்ன எழுதுவது என்று தெரியவில்லை. தெரிந்ததை எழுதுகிறேன்.

பெயர் சைலப்பன். வயது முப்பத்தொன்று. கயத்தாறு தாண்டி, காற்றாலைகளுக்கு நடுவே இருக்கிறது எங்கள் ஆலை. காற்றிலும் வெயிலிலும் வருகிற மின்சாரத்தை வைத்துத் தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுக்கிறோம். எடுப்பது பெரிய காரியமில்லை. எடுத்ததைக் கட்டி வைப்பதும், கடற்கரைப் பக்கம் உள்ள உரத் தொழிற்சாலைக்குப் பத்திரமாகக் கொண்டுசேர்ப்பதும்தான் பாடு. அந்தப் பாடு என் பொறுப்பு. உலகத்தில் இதைவிட லேசான வாயு இல்லை. எந்த இடுக்கிலும் நுழைந்து வெளியே வந்துவிடும். நிறம் கிடையாது, வாடை கிடையாது. பற்றிக்கொண்டால் பகல் வெளிச்சத்தில் தீயும் கண்ணுக்குத் தெரியாது.

செண்பகம் போய் நாற்பத்தாறு நாள் ஆகிறது.

செப்டம்பர் 9, செவ்வாய்

காலை: இட்லி, பஸ் நிலையத்துக் கடையில். மதியம்: கேன்டீன். ராத்திரிக்கு இரண்டு பழம்.

செப்டம்பர் 11, வியாழன்

பாலிடெக்னிக் மாணவர்கள் ஆலையைப் பார்க்க வந்தார்கள். யார்டு வாசலில் நீளக் கம்பில் கட்டித் தொங்குகிற இரண்டு ஈர்க்கு வாரியல்களைப் பார்த்ததும் வழக்கம்போலச் சிரிப்பு. "சார், இவ்ளோ பெரிய பிளான்ட்ல விளக்குமாறா?"

சொன்னேன். இந்தத் தீ கண்ணுக்குத் தெரியாது. சந்தேகம் வந்தால் வாரியலை முன்னால் நீட்டிக்கொண்டு அடி அடியாக நடக்க வேண்டும். நுனி திடீரென்று பற்றினால் அங்கே தீ இருக்கிறது என்று அர்த்தம். நமக்கு முன்னால் வாரியல் எரியும். அவ்வளவுதான் தொழில்நுட்பம்.

பக்கத்தில் நின்ற இசக்கிமுத்து அண்ணாச்சி விடுவாரா? "எங்க வீட்லயும் வாரியல் இருக்கு தம்பிகளா. எங்க வீட்டம்மா அத கையில எடுத்துட்டான்னா, தீ எங்க இருக்குன்னு எனக்குத்தான் மொதல்ல தெரியும்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்ததாக மாரிச்செல்வி பிறகு சொன்னாள். எனக்கு நினைவில்லை.

இசக்கிமுத்து அண்ணாச்சி இரண்டாம் நம்பர் டிரெய்லரின் டிரைவர். வயது ஐம்பதைத் தொடும். பன்னிரண்டு நீள இரும்புக் குழாய்கள் அடுக்கிய வண்டி. ஒவ்வொரு குழாய்க்கும் ஒரு வால்வு, ஒரு பிரஷர் மீட்டர். அத்தனையும் வண்டியின் பின்பக்கம், கதவு போட்ட ஒரு பெட்டிக்குள். அவர் அதைப் 'பன்னெண்டு புல்லாங்குழல்' என்பார்.

செப்டம்பர் 14, ஞாயிறு

துணி துவைத்தேன். பைக்கைக் கழுவினேன். பக்கவாட்டுப் பெட்டிக்குள் ஏதோ உருண்டது. திறக்கவில்லை.

வீட்டுக்காரர் மாடிக்கு வந்து விசாரித்தார். "ஒத்தை அறைல எப்படித் தம்பி? கீழ அடுப்படியோட ஒரு போர்ஷன் காலியாவுது, பாக்கியளா?" வேண்டாம் என்றேன். அடுப்படி இல்லாத அறையாகத் தேடித்தான் இங்கே வந்தேன்.

கோவில்பட்டி மாமா மூன்று தடவை கூப்பிட்டிருந்தார். செண்பகத்தின் அப்பா. எடுக்கவில்லை.

செப்டம்பர் 17, புதன்

கோட்டாட்சியர் (ஆர்.டி.ஓ.) அலுவலகம். கல்யாணமாகி ஏழு வருஷத்துக்குள் ஒரு பெண் தீக்காயத்தில் இறந்தால் அவர்கள் விசாரித்துத்தான் முடிக்க வேண்டும். எங்களுக்கு மூன்று வருஷம், இரண்டு மாதம். யார் மேலும் யாரும் புகார் சொல்லவில்லை. சமையல் கேஸ் கசிந்த விபத்து. எழுத்தர் என் வாக்குமூலத்தை வாசித்துக் காட்டினார். "சம்பவத்திற்கு முன்னர் எரிவாயு வாடை குறித்து இறந்தவர் என்னிடம் எதுவும் தெரிவிக்கவில்லை."

"சரிதானே சார்?" என்று கேட்டார்.

கையெழுத்துப் போட்டேன். பேனா நன்றாக எழுதியது.

வெளியே வேப்பமரத்தடியில் மாமா நின்றிருந்தார். முப்பது வருஷம் பஸ் கண்டக்டராக இருந்தவர். எவ்வளவு கூட்டத்திலும் ஆளைப் பிடித்துவிடுவார்.

"மாப்ள, சாப்ட்டேளா?"

"ஆச்சு மாமா."

கொஞ்ச நேரம் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். "அன்னைக்குக் காலைல ஏதாச்சும் சொன்னாளா மாப்ள? கேஸ் வாடை வருது, கீதுன்னு?"

"இல்ல மாமா."

"அதான் எனக்குப் பிடிபட மாட்டேங்கு. அவளுக்கு மூக்கு அப்படி. தெருமுக்குல வரும்போதே இன்னார் வீட்ல இன்ன கருவாடுன்னு சொல்லிருவா. பால் திரியறதுக்கு முன்னால அவளுக்குத் தெரியும். அப்பேர்ப்பட்டவளுக்கு இது எப்படித் தெரியாமப் போச்சு? ராத்திரியெல்லாம் இதேதான் ஓடுது. மயக்கமா இருந்தாளா? மேலுக்குச் சொகமில்லாம இருந்து நமக்குச் சொல்லாம விட்டாளா?"

பஸ் வந்தது. ஏற்றிவிட்டேன். ஜன்னல் வழியாகக் கையைப் பிடித்து அழுத்தினார்.

செப்டம்பர் 18, வியாழன்

எழுத ஒன்றுமில்லை.

செப்டம்பர் 24, புதன்

இரண்டாம் நம்பர் லோடு இறக்கிவிட்டுத் திரும்பி வந்தது. அண்ணாச்சி சாவியைக் கொடுக்க வந்தவர், போகாமல் நின்றார்.

"சார், ஒரு விஷயம். அங்க போயி எஞ்சினை ஆஃப் பண்ணின பெறவு பின்பக்கம் ஒரு சத்தம் கேட்டுது. ஸ்ஸ்ஸுன்னு. நம்ம ஏழாம் நம்பர் பக்கமா."

"அந்த வால்வு எப்பவுமே முரண்டுதான் அண்ணாச்சி. முழுசா மூட ரெண்டு தடவ திருகணும்."

"திருகிப் பாத்தேன். அப்பமும் கேட்டுது. காது இரைச்சலோன்னு கிளீனரையும் கேக்கச் சொன்னேன். அவனும் ஆமாங்கான்."

"இந்தக் காத்துல எல்லாம்தான் விசிலடிக்கும். சாயங்காலம் பாக்குறேன்."

அவர் போய்விட்டார். அந்தக் கடைசி வாக்கியத்தைச் சொன்ன பிறகு கொஞ்ச நேரம் கம்ப்ரஸர் சத்தம்கூட எனக்குக் கேட்கவில்லை. கையில் பிடித்திருந்த டீ ஆறிப்போயிருந்தது. காலையில் சாப்பிடாததாக இருக்கலாம்.

செப்டம்பர் 25, வியாழன்

பார்க்கவில்லை. மழை வரும்போல இருந்தது. வரவில்லை.

செப்டம்பர் 27, சனி

காற்று நின்றுவிட்டது. ஆடியில் தொடங்கி ஆளையே தள்ளிக்கொண்டு போன காற்று. காற்றாலை இறக்கைகள் எல்லாம் கும்பிட்ட கை மாதிரி அப்படியே நிற்கின்றன. சூரியத் தகடுகளின் மின்சாரத்தில்தான் ஆலை ஓடுகிறது.

காற்று இருக்கிறவரை எங்களுக்கு ஒரு சௌகரியம் உண்டு. எங்காவது துளி கசிந்தாலும் அள்ளிக்கொண்டு போய்விடும். கம்பங்களில் இருக்கிற கசிவுக் கருவிகள் வாயைத் திறக்காது. காற்று நின்றால் கசிந்தது கசிந்த இடத்திலேயே தேங்கும். மூடிய பெட்டி என்றால் கேட்கவே வேண்டாம். இதை நான்தான் புது ஆட்களுக்கு வகுப்பெடுக்கிறேன்.

செப்டம்பர் 29, திங்கள்

இரண்டாம் நம்பரில் நிரப்பினோம். மாலை ஐந்து மணி: பன்னிரண்டு குழாயிலும் இருநூறு பார் அழுத்தம். வாயுவின் சூடு நாற்பத்தாறு டிகிரி. உரத் தொழிற்சாலையில் நாளைக்கு வாங்க மாட்டார்கள், ஏதோ பராமரிப்பாம். வண்டி யார்டிலேயே நிற்கும். புதன்கிழமை காலை கிளம்பும்.

ஐந்தரைக்கு மாமா கூப்பிட்டார். எடுக்கவில்லை. திரும்பவும் கூப்பிட்டார். போன் லாக்கருக்குள் கிடந்து அதிர்ந்துகொண்டே இருந்தது. வண்டியின் நிழலில் உட்கார்ந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. எழுந்தபோது நிழல் வேலிவரை போயிருந்தது.

வால்வுகள் மூடியதைச் சரிபார்த்தல், சோப்பு நீர் தடவிக் குமிழ் வருகிறதா என்ற சோதனை: முடிந்தது. இருபத்துநான்கு இணைப்புகள். கசிவு இல்லை. கையெழுத்து: சைலப்பன்.

செப்டம்பர் 30, செவ்வாய்

காலை ஆறு மணிக்கு எல்லாக் குழாயும் நூற்று எண்பத்தொன்பதுக்கு வந்திருந்தன. பயப்பட ஒன்றுமில்லை. சூடு ஆறினால் அழுத்தம் இறங்கும். நாற்பத்தாறிலிருந்து இருபத்தெட்டு டிகிரிக்கு இறங்கியதற்குப் பதினோரு பார் சரியான கணக்கு.

மாரிச்செல்வி கேட்டாள்: "சார், சோப்புத் தண்ணி பாட்டில் காஞ்சு போயிக் கெடக்கு. அடில தூசி. புதுசா கலக்கி வைக்கவா?"

"வை."

"நேத்து எதுல சார் பாத்திய?"

நான் பதில் சொல்வதற்குள் தியாகராஜன் சார் வந்துவிட்டார். எங்கள் மேனேஜர். நாளைக்கு ஆயுத பூஜை. ஆலைக்குள் தீக்குச்சிகூடக் கூடாது என்பதால் சூடத்துக்குப் பதிலாக பேட்டரி விளக்கு வாங்கி வந்திருந்தார். பிளாஸ்டிக் தீபம், பிளாஸ்டிக் சுடர். சுவிட்சைத் தட்டினால் ஆடுகிறது. டிரைவர்கள் அதைச் சுற்றி நின்று பார்த்தார்கள்.

"பல்பைக் காட்டுனா சாமி கரண்ட் பில்லுல்லா கேக்கும்" என்றார் இசக்கிமுத்து அண்ணாச்சி.

"யோவ், சட்டம்னா சட்டம். பூசணிக்காயக் கேட்டுக்கு வெளிய உடைச்சுக்கோங்க. பொட்டு வச்சுக்கோங்க. சூடம் மட்டும் மூச்."

"சரி சார், சரி சார்" என்று தலையாட்டினார். சார் போனதும் என் பக்கம் திரும்பி, "முப்பது வருசமா மாடன்சாமி முன்னால வச்சு லாரிக்குச் சூடம் காட்டாம ஒரு ஆயுத பூசை போனதில்ல. மாடன் என்னைய விட்டாலும் நான் அவன விட மாட்டேன்" என்றார்.

காதில் விழுந்தது. விழுந்ததோடு சரி.

அக்டோபர் 1, புதன்

மணி மாலை நான்கு. இதை எழுதிவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும்.

காலையில் பூஜை நடந்தபோது நான் போகவில்லை. துக்கம் நடந்து வருஷம் திரும்பாதவன் பூஜையில் நிற்கக் கூடாது. யாரும் சொல்லவில்லை, எனக்கே தெரியும். கன்ட்ரோல் ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கிளம்புகிற வண்டியைக் கேட்டில் கடைசியாக ஒரு சுற்றுப் பார்ப்பது என் வேலை. கேட்டில்தான் பூஜை. அதனால் பார்க்கவில்லை.

ஒன்பதே முக்காலுக்கு அண்ணாச்சி கதவைத் தட்டினார். நெற்றி நிறையத் திருநீறு. கையில் காகிதத்தில் பொரிகடலை.

"நீங்க வர மாட்டியன்னு தெரியும். அதான் நானே கொண்டாந்தேன். சாமிக்குப் படைச்சது இல்ல, கடையில வாங்கி அப்படியே தாரேன். தோசமில்ல. தின்னுங்க தம்பி."

வழக்கமாக சார் என்பவர் தம்பி என்றார். வாங்கி வைத்தேன். அவர் போய்விட்டார். வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது.

பத்து மணிக்கு மாரிச்செல்வி காலை ஆறு மணி ரீடிங்கைக் கம்ப்யூட்டரில் ஏற்றக் கொண்டுவந்தாள். பூஜைப் பரபரப்பில் தாமதம். சூடு நேற்று மாதிரியே இருபத்தெட்டு டிகிரி. பதினொரு குழாய்கள்: நூற்று எண்பத்தொன்பது. ஏழாவது: நூற்று எண்பத்தேழு.

அழித்துவிட்டுத் திரும்பக் கணக்குப் போட்டேன். சூடு மாறவில்லை. ஆறிப்போனதால் இறங்கியது என்று சொல்ல இடமில்லை. இரண்டு பார் எங்கேயோ போயிருக்கிறது. மூன்றாவது தடவையும் போட்டேன். இந்த மூன்றாவது கணக்கு எதற்கு என்று எனக்கே தெரியவில்லை. விடை முதலிலேயே தெரியும்.

போன வாயு, காற்றில்லாத ஊரில், கதவு சாத்திய பெட்டிக்குள் ஒரு நாளாகத் தேங்கியிருக்கிறது.

திரையில் வண்டியின் புள்ளி நகர்ந்துகொண்டிருந்தது. கூப்பிட்டேன். எடுக்கவில்லை. ஓட்டும்போது எடுக்கக் கூடாது என்று சட்டம் போட்டதும் நான்தான். பத்து இருபதுக்குப் புள்ளி நின்றது. இருபத்திரண்டாவது கிலோமீட்டர். அந்த இடத்தில் ஹோட்டல் இல்லை, பெட்ரோல் பங்க் இல்லை. பனைமரக் கூட்டமும், ரோட்டோரத்தில் வெள்ளையடித்த ஒரு மாடன் பீடமும்தான்.

'மாடன் என்னைய விட்டாலும் நான் அவன விட மாட்டேன்.'

அடுத்து நான் செய்தவை ஒழுங்காக நினைவிருக்கின்றன. தீயணைப்புக்குத் தகவல் சொல்லச் சொன்னேன். கசிவு பார்க்கிற கைக் கருவியை எடுத்தேன். பைக்கை உதைத்தேன். மாரிச்செல்வி பின்னால் ஓடிவந்து, "சார், வாரியல்!" என்று கத்திக்கொண்டே அதை என் முதுகுப் பையின் வாரில் செருகினாள். கயத்தாறு முக்கில் இரண்டு பேர் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். ஹெல்மெட், முதுகில் ஆளுயர வாரியல், எண்பதில் போகிற வண்டி. பக்கப் பெட்டிக்குள் அது உருண்டு உருண்டு தகரத்தில் இடித்தது.

பாதி வழியில் போன். அவர்தான். ஓரமாக நிறுத்தினேன்.

"தம்பி, கூப்ட்டியளோ? கும்பிட்டுட்டு இருந்தேன். ஒரு அதிசயம் கேளுங்க. பெட்டியத் தொறந்து பன்னெண்டு வால்வுக்கும் சந்தனம் வச்சேன். மத்ததெல்லாம் சும்மா இருக்கு. ஏழாம் நம்பர்ல வச்ச சந்தனம் மூச்சு விடுது தம்பி! முட்டை முட்டையா வருது, உடையுது. நான் பொய் சொல்லல, பூசாரியும் பாத்துட்டாரு. மாடன் வந்து உக்காந்துட்டான்."

"சூடம் எங்க?"

"முன்னால பம்பருக்குக் காட்டியாச்சு. இங்க காட்டணும்ல, பூசாரி தட்டோட வாராரு."

நான் சொன்ன சொற்களை அப்படியே எழுதுகிறேன். ஒன்றுகூட விடாமல்.

"அண்ணாச்சி, அது மாடன் இல்ல. கேஸ். பூசாரிய அங்கயே நிக்கச் சொல்லுங்க. கத்துங்க."

கத்தினார். "சாமி! நில்லும்! அடி எடுத்து வைக்காதேயும்!" தூரத்தில் ஒரு குரல் "என்னடே?" என்றது.

"நின்னுட்டாரா?"

"நின்னுட்டாரு. வண்டிக்கு நடுவுல நிக்காரு. பத்தடி இருக்கும்."

"தட்டோட வந்த வழியே முன்னால போகச் சொல்லுங்க. வேகமா வேண்டாம், ஊதி அணைக்க வேண்டாம், கீழ போட வேண்டாம். முன்னால போயி, ரோட்டைத் தாண்டி, மண்ணுல வச்சு மண்ணள்ளி மூடச் சொல்லுங்க. நீங்க பெட்டிக் கதவச் சாத்தாதீங்க. தொறந்தபடியே விட்டுட்டு விலகுங்க. இந்தப் போனையும் அங்க வச்சுப் பேசக் கூடாது. மாடனுக்குப் படையல் போட்டுட்டுத் திரும்பிப் பாக்காம வருவோம்ல, அப்படி வாங்க. ஒரு ஆள அங்க நிக்க விடாதீங்க. ரோட்டுல ரெண்டு பக்கமும் வண்டிய நிப்பாட்டுங்க. நான் வாரேன்."

"தம்பி…"

"நடங்க அண்ணாச்சி."

செருப்புச் சத்தம் கேட்டது. அவர் மூச்சு கேட்டது. பிறகு லைன் அறுந்து போனது. ரோட்டைப் பார்த்தேன். எந்த நொடியிலும் அந்தப் பக்கம் வானத்தில் ஒரு சத்தம் எழும்பும் என்று காத்திருந்தேன். ஒரு மைனா கம்பியில் வந்து உட்கார்ந்தது. பிறகு கிளம்பினேன்.

போய்ச் சேர்ந்தபோது வண்டி தனியாக நின்றது. முன்பக்கம் வாழைக்கன்று, மாலை. நூறடி தள்ளிப் பத்துப் பதினைந்து பேர். அண்ணாச்சி ரோட்டுக்கு நடுவில் துண்டை விரித்துப் பிடித்துக்கொண்டு ஒரு பஸ்ஸை மறித்திருந்தார். கண்டக்டர் கத்திக்கொண்டிருந்தார்.

வாரியலை இரண்டு கையாலும் பிடித்து முன்னால் நீட்டினேன். நடந்தேன். இதுவரை பயிற்சிக்காக மட்டும்தான் நடந்திருக்கிறேன். ஈர்க்கு நுனியைத் தவிர வேறெதையும் பார்க்கக் கூடாது. வெயில் கண்ணில் அடித்தது. சந்தன வாசம் வந்தது. எட்டடி. ஆறடி. யாரோ பின்னால் "என்னத்துக்குடா வாரியலக் கொண்டு போறான்?" என்றார்கள். நாலடி. பற்றவில்லை. பெட்டிக்குள் மேலும் கீழும் நீட்டிப் பார்த்தேன். பற்றவில்லை. கைக் கருவி மட்டும் நிற்காமல் கீச்சிட்டுக்கொண்டிருந்தது.

ஏழாவது வால்வுக்கு அடுத்த நட்டில், மஞ்சள் சந்தனத்துக்குள்ளிருந்து குமிழ்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. அவசரமே இல்லாமல். தூங்குகிறவர்களின் மூச்சு மாதிரி.

வால்வைத் திருகினேன். இறுகிப்போயிருந்தது. இன்னும் அழுத்தித் திருகினேன். கால் சுற்று மூடியது. திங்கள்கிழமை சாயங்காலம் யாராவது கை வைத்திருந்தால் அன்றைக்கே மூடியிருக்கும்.

கடைசியாக ஒரு குமிழ் வந்து நின்றது. உடைந்தது. பிறகு இல்லை.

அரைமணி கழித்து, கருவி அமைதியான பிறகு, அண்ணாச்சியை வரச் சொன்னேன். சந்தனத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். ஓரம் காயத் தொடங்கியிருந்தது.

"போயிட்டானா?" என்றார்.

"போயிட்டான் அண்ணாச்சி."

சட்டைப் பையிலிருந்த சூடப் பொட்டலத்தை எடுத்து, பார்த்து, திரும்ப வைத்துக்கொண்டார். "என் மக நேத்துதான் போன் பண்ணுனா. பிள்ளைக்குக் காது குத்தணும், லீவு போட்டுட்டு வாங்கப்பான்னு" என்றார். பிறகு என்னைப் பார்க்காமலே, கோபமே இல்லாமல் சொன்னார்: "நான் அன்னைக்கே சொன்னேம்லா தம்பி."

"சொன்னீங்க."

இந்த ஒரு சொல்லைச் சொல்ல எனக்கு அறுபத்தொன்பது நாள் ஆகியிருக்கிறது. அண்ணாச்சிக்கு அது தெரியாது.

அக்டோபர் 2, வியாழன்

விடுமுறை. ஆனாலும் தியாகராஜன் சார் வரச் சொல்லியிருந்தார். அறிக்கையை அவரே பாதி எழுதி வைத்திருந்தார். நட்டு தேய்மானம், ஓட்டத்தில் தளர்ந்திருக்கலாம்.

"நட்டு பழசுய்யா. அவ்வளவுதான். நீ இருக்கிற நிலைமைல உன்ன யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. ரெண்டு மாசத்துல ஒரு கையெழுத்து முன்னப்பின்ன ஆகும். மனுசன்தான? டிரைவர் வழில நிறுத்துனது தப்பு, சூடம் ஏத்துனது தப்பு. அத எழுதிட்டாப் போதும்."

"அவர் வேலை போயிரும் சார்."

"உன் வேலை போகாதுல்லா."

நல்ல மனிதர். நிஜமாகவே என் நன்மைக்குத்தான் சொன்னார்.

ஒரு கட்டம் காலியாக இருந்தது. 'கசிவை முதலில் தெரிவித்தவர், தேதி, எடுத்த நடவடிக்கை.' எழுதினேன்: டிரைவர் இசக்கிமுத்து. செப்டம்பர் 24. நடவடிக்கை எடுக்கப்படவில்லை. செப்டம்பர் 29 அன்று நான் வால்வுகளையும் சரிபார்க்கவில்லை, சோப்பு நீர் சோதனையும் செய்யவில்லை. செய்ததாகக் கையெழுத்திட்டேன்.

சார் வாசித்தார். கண்ணாடியைக் கழற்றினார். "நாளைலருந்து வர வேண்டாம்பா. விசாரணை முடியட்டும்" என்றார்.

வெளியே மாரிச்செல்வி நின்றாள். லீவு நாளில் ஏன் வந்தாய் என்று கேட்டேன். "சும்மாதான் சார்" என்றாள். சோப்புத் தண்ணி கலக்கி, பாட்டிலில் தேதி எழுதி ஒட்டி வைத்திருந்தாள்.

அக்டோபர் 3, வெள்ளி

வேலை இல்லை. அறையைப் பெருக்கினேன். பதினொரு மணிக்கு மாமாவைக் கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்.

"மாப்ள! நல்லாருக்கேளா? மேலுக்கு எப்படி இருக்கு?"

"மாமா, அவ சொன்னா."

"என்னது?"

"கேஸ் வாடை வருதுன்னு சொன்னா. ஞாயித்துக்கிழமையே சொன்னா. ட்யூப் வெடிச்சிருக்குன்னு சொன்னா. திங்கக்கிழமை புது ட்யூப் வாங்கிட்டேன். சாயங்காலம் மாட்டுறேன்னேன். மாட்டல. செவ்வாய் சாயங்காலம்னேன். புதன் சாயங்காலம்னேன். வியாழக்கிழமை காலைல நான் கிளம்பும்போதும் சொன்னா. வாடை ஜாஸ்தியா இருக்குங்கன்னா. சன்னலத் தொறந்து வை, சாயங்காலம் பாக்குறேன்னேன். ரெகுலேட்டர மூடுன்னு சொல்லல மாமா. ரெண்டு வார்த்தை. ஊருக்கெல்லாம் வகுப்பெடுக்கேன். அவகிட்ட சொல்லல. ஆபீஸ்ல பொய் சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். உங்ககிட்டயும் பொய் சொன்னேன். திங்கக்கிழமை அந்த ஆபீஸ்ல போயி மாத்தி எழுதிக் கொடுக்கப் போறேன்."

அந்தப் பக்கம் ஒரு பஸ் ஹாரன் கேட்டது. மாமா ரோட்டில் எங்கோ நின்றிருக்க வேண்டும். ஹாரன் ஓய்ந்தது. இன்னொரு வண்டி போனது. நான் காத்திருந்தேன். திட்டுவதற்காக.

"அப்ப அவளுக்குத் தெரிஞ்சிருக்கு" என்றார்.

"ஆமா மாமா."

"எம்மவளுக்கு வாடை தெரிஞ்சிருக்கு." குரல் உடைந்தது. அழுகிறாரா, வேறென்னவா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. "மயக்கம் கியக்கம் இல்ல. சரியாத்தான் இருந்திருக்கா. சொல்லியிருக்கா. அஞ்சு நாளு சொல்லியிருக்கா."

"ஆமா மாமா."

போனை வைத்துவிட்டார் என்று நினைத்தேன்.

"அந்த ட்யூப் இப்ப எங்க?"

"பைக் பெட்டியில மாமா. கவரு பிரிக்கல."

"நான் வாரேன். ரெண்டு மணி பஸ்ஸுக்கு வாரேன். அதுவரைக்கும் நீ அதத் தொடாத."

மூன்று வருஷத்தில் முதல்முறையாக என்னை நீ என்றார்.

மணி ஒன்றே முக்கால். பைக்கை வாசலுக்குக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறேன். பெட்டியின் மூடியைத் திறந்து வைத்திருக்கிறேன். உள்ளே ஆரஞ்சு நிறத்தில் தெரிகிறது. தொடவில்லை.